முதல் விளக்குக்கு ஒரு சின்னக் குச்சி

"பெரிசையே எடுத்துட்டுப் போ மச்சான். பத்து வருஷத்துக்கு ஒழுங்கா உழைக்கும்" என்றாள் அகேயோ.

எனக்குச் சுருக்கென்றது. பத்து வருஷம் உழைக்கிற சாமான் எனக்கு எதற்கு? எனக்கு வேண்டியது டிசம்பர் வரைக்கும்.

அகேயோ என் மனைவி அவினோவின் தங்கை. எங்கள் ஏரிக்கரை ஊரான கிசுமுவில் பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் கடை வைத்திருக்கிறாள். போன் உறை, சார்ஜர், சூரிய விளக்கு, ஆளைக் கண்டால் கத்துகிற மணி என்று அவள் கடையில் இல்லாத சாமான் இல்லை. மச்சினி கடையில் வாங்குவதில் ஒரு சங்கடம் உண்டு. பேரம் பேசினால் கஞ்சன் என்பாள். பேசாமல் வாங்கினால் அக்காள் அனுப்புகிற பணத்தில் ஆடுகிறான் என்பாள். நான் என் சம்பாத்தியத்தில்தான் வாங்குகிறேன் என்று அவளுக்கும் தெரியும். கல்யாணம், சாவு, தேர்தல் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவன் நான். எங்கள் பக்கத்தில் சாவு வீடு என்றால் நாள் கணக்கில் பாட்டும் பேச்சும் ஓடும். அந்த வகையில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை.

கண்ணாடி மேசைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்திருந்தாள். மூன்றுமே ஒரே வேலையைச் செய்கிற சாமான்கள்தான். கோஆர்டினேட்டர் என்று பெயர். வீட்டில் இருக்கிற கம்பியில்லா பல்புகளுக்கெல்லாம் இதுதான் மேஸ்திரி. போனில் ஒரு தட்டுத் தட்டினால் அது கம்ப்யூட்டருக்கு வரும், கம்ப்யூட்டர் மேஸ்திரியிடம் சொல்லும், மேஸ்திரி பல்பிடம் சொல்வான். தட்டுகிறவர் பக்கத்து அறையில் இருந்தாலும் ஒன்றுதான், கடல் தாண்டி இருந்தாலும் ஒன்றுதான்.

முதல் பெட்டியில் இருந்தது வெள்ளை வட்டத் தட்டு. ஒரு கம்பெனி ஆயத்தமாகச் செய்து விற்பது. மாட்டினால் போதும், வேலை செய்யும். ஆனால் நாம் தட்டுகிற ஒவ்வொரு தட்டும் எங்கோ இருக்கிற அந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்.

"இது வேணாம்" என்றேன்.

"ஏன்? இதுதான் லேசு. உன் மூளைக்கு இதுதான் சரி."

"என் பொண்டாட்டி விரலுக்கும் என் வீட்டு விளக்குக்கும் நடுவுல எவன்னே தெரியாத ஒருத்தன் எதுக்கு?"

அகேயோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அடேங்கப்பா. அக்கா கேட்டா உருகிருவா" என்றாள்.

மற்ற இரண்டும் கம்ப்யூட்டரில் செருகுகிற குச்சிகள். பெரியதற்கு நீண்ட ஆன்டெனா. உள்ளே புதுச் சிப். ஒரு பள்ளிக்கூடம் அளவுக்கு விளக்கு வைத்தாலும் எல்லாவற்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். சின்னது என் கட்டை விரல் அளவுகூட இல்லை. ஆன்டெனா கிடையாது, சிப்பும் பழசு. ஒரு சின்ன வீட்டுக்குத் தாங்கும், அதற்குமேல் திணறும். விலை பெரியதில் பாதிக்கும் கீழே.

விலைக்காக நான் யோசிக்கவில்லை. அவினோ தோஹாவில் ஒரு ஹோட்டலில் சலவைப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறாள். ஒருமுறை ஒப்பந்தம் முடிந்தபோது மகள் டோர்கஸின் விடுதிப் பள்ளிக் கட்டணத்தைச் சொல்லி நீட்டித்தாள். அடுத்த ஒப்பந்தம் இந்த டிசம்பரில் முடிகிறது. மறுபடி நீட்டிக்கிறாயா, ஊருக்குப் போகிறாயா என்று ஹோட்டலில் கேட்டிருக்கிறார்கள். இந்த நவம்பர் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். என்ன சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியாது. கேட்கப் பயமாக இருந்தது. இந்த நேரத்தில் பத்து வருஷம் உழைக்கிற குச்சியை வாங்கி வைத்தால் என்ன அர்த்தம்? நீ அங்கேயே இரு, நான் இங்கே எல்லாம் வசதியாகப் பண்ணிக்கொண்டேன் என்று அர்த்தம்.

"சின்னதைக் குடு" என்றேன்.

"சுவர் தாண்டாது மச்சான். அப்புறம் வந்து என்கிட்ட கத்தக் கூடாது."

"கத்த மாட்டேன்."

"ஞாயித்துக்கிழமை போயி அடுத்த வெள்ளி வரைக்கும் மாத்தித் தர்றேன். அதுக்கப்புறம் செல்லாது" என்று சொல்லி அதைத் தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஊர் ஓரம் மம்போலியோ பக்கம் மேட்டில் சின்ன மனை. அவினோ அனுப்பியதும் என் மைக் செட் சம்பாதித்ததும் சேர்ந்து செங்கல்லாக எழுந்து தகரக் கூரை போட்டுக்கொண்டது. கூடம், படுக்கையறை இரண்டு, பின்னால் சமையலறை. கட்டி முடித்து ஒரு மழைக்காலம் முழுசாகப் போய்விட்டது. நான் மட்டும் இன்னும் ஊருக்குள் மன்யாட்டாவில் வாடகை அறையில் கிடக்கிறேன். எங்கள் லுவோ இனத்தில் புது வீட்டின் முதல் நெருப்பை மனைவிதான் மூட்ட வேண்டும். அவள் மூட்டாத வீட்டில் கணவன் தலை வைத்துப் படுக்கக் கூடாது. அப்பா இல்லாததால் இதற்கெல்லாம் எங்கள் குடும்பத்தில் சட்டம் பேசுகிறவர் ஒபோண்டோ பெரியப்பா. முன்வாசலில் சாமான் இறக்கி வைத்ததற்கே என்னை ஒரு மணி நேரம் திட்டினார்.

அவினோவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. சமையலறையில் ஒரு கம்பியில்லா பல்பை மாட்டுவது, தோஹாவிலிருந்து அவள் போனில் தட்டி ஏற்றுவது, அதையே முதல் நெருப்பாக வைத்துக்கொள்வது. பெரியப்பாவிடம் சொன்னேன்.

"பல்பு நெருப்பு ஆகுமாடா?"

"எரியுதுல்ல பெரியப்பா?"

அவர் என் கையிலிருந்த பல்பை எரியவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "சூடே இல்லையே. இதுல ஒரு மீனைக்கூட வாட்ட முடியாது" என்றார். ஆனாலும் வீடு புகும் சடங்குக்குச் சேவல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். அப்படியானால் காலம் மாறிவிட்டது, நாமும் மாற வேண்டியதுதான் என்று ஒப்புக்கொண்டார்.

என் அவசரம் பெரியப்பாவுக்குத் தெரியாது. மாதம் முடிந்து அவள் பதில் சொல்வதற்குள் அவள் கை இந்த வீட்டில் ஒருமுறையாவது பட்டுவிட வேண்டும். விளக்கேற்றிய வீட்டை விட்டுவிட்டு இன்னொரு கையெழுத்துப் போட அவளுக்கு மனசு வராது என்று நினைத்தேன். எனக்கு அவள் வேண்டும். இந்தக் கதையில் அதைத் தவிர வேறு விஷயமே இல்லை. சாயங்காலம் மசங்கி வரும்போது அவள் சமையலறை விளக்கைப் போட்டு, சட்டி மூடியில் கரண்டியால் ஒரு தட்டுத் தட்டுவாள். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பொழுது போனதாகக் கணக்கு. இத்தனை வருஷமாக எனக்கு ஒரு பொழுதும் சரியாகப் போகவில்லை.

கிசுமுவுக்கும் தோஹாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான். எங்களுக்குள் இப்போது பொதுவாக மிஞ்சியிருப்பது அது ஒன்று. அன்று ஏழு மணிக்கு அவள் கூப்பிட்டாள். பின்னால் சலவை இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன.

"எதை வாங்குன?"

"சின்னதை."

"காட்டு."

கேமராவுக்கு நேரே பிடித்தேன். சிரித்தாள். "இதைத் தொலைச்சிராத. சட்டைப் பையில போட்டுத் துவைச்சிருவ."

"டிசம்பர் வரைக்கும் இது போதும்ல?"

சிரிப்பு நின்றது. யாரோ அவளை அரபியில் கூப்பிட்டார்கள். அவள் திரும்பிப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டு மறுபடி என் பக்கம் வந்தாள்.

"நல்லதாவே வாங்கியிருக்கலாமே, டோர்கஸ் அப்பா" என்றாள்.

போனை வைத்துவிட்டு அந்தக் குச்சியை ரொம்ப நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளிலிருந்து வேலையில் இறங்கினேன். திரை உடைந்த பழைய லேப்டாப் ஒன்று என்னிடம் இருந்தது. சாவு வீட்டுப் பாட்டுகளை ஓட்ட வைத்திருந்தது. அதில் இலவச மென்பொருளைப் போட்டு, குச்சியைச் செருகி, வாடகை அறையிலேயே, வாங்கி வைத்திருந்த மூன்று பல்புகளையும் ஒவ்வொன்றாக அதற்கு அறிமுகப்படுத்தினேன். அவினோவின் போனுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் வேறு யாரும் நுழையாத ஒரு பாதையும் போட்டேன். எல்லாம் ஒழுங்காக நடந்தது. வேலை முடிந்ததும் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டுத்தான் வெளியே போவேன். எங்கள் ஊரில் அணைக்காமல் போகிறவன் கிடையாது. மின்சாரத்துக்கு முன்பணம் கட்டி எண் வாங்கி மீட்டரில் அடிக்கிறவர்கள் நாங்கள். ஆளில்லாத இடத்தில் ஒரு சார்ஜர் சும்மா தொங்கினாலே எங்களுக்கு வயிறு எரியும். இந்தப் பழக்கம் எனக்கு என்ன குழி வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அப்போது தெரியவில்லை.

வியாழக்கிழமை லேப்டாப்பையும் பல்புகளையும் புது வீட்டுக்குக் கொண்டு போனேன். கூடத்துக்கு ஒன்று, முன்வாசலுக்கு ஒன்று, சமையலறைக்கு ஒன்று. உச்சி வெயிலில்தான் மாட்டினேன். சமையலறை ஸ்விட்சைப் போட்டதும் பல்பு பொசுக்கென்று எரிந்தது. எந்தப் பல்பும் ஸ்விட்சைப் போட்டால் எரியத்தானே செய்யும்? அவசரமாகப் போனில் தட்டி அணைத்தேன். பகல் வெளிச்சத்தில் எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

உண்மையில் அந்த ஒருமுறை அணைந்ததே அதிசயம். அதற்குப் பிறகு சமையலறை பல்பு என்ன தட்டினாலும் அசையவில்லை. கூடம் கேட்டது, வாசல் கேட்டது, பின்சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிற சமையலறை மட்டும் செவிடு. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தேன். கடைசியில் அகேயோவுக்கே போன் போட்டேன். கத்தத்தான் செய்தேன்.

கடையை மூடிவிட்டு அவளே பைக் டாக்சியில் வந்து இறங்கினாள். கையில் பெரிய குச்சியின் பெட்டி.

"நான்தான் சொன்னேனே. இதைப் போடு, பக்கத்து வீட்டு விளக்கையும் சேர்த்து எரிக்கும்."

"வேணாம்."

"ஏன் இப்படி முரண்டு பிடிக்கிற? அக்காவும் மாத்தத்தானே சொன்னா?"

"உன்கிட்ட என்ன சொன்னா?"

அகேயோ பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறைக்கிற விஷயம் இருந்தால் அவள் கண்கள் கீழே இறங்கிவிடும். அக்காளுக்கும் அதே பழக்கம்தான்.

"சம்பளம் கூட்டித் தர்றாங்களாம். யோசிக்கிறா. அவ்ளோதான் எனக்குத் தெரியும், என்னை இழுக்காத" என்றாள். பிறகு குரலைக் குறைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்கவா? அங்க உக்காந்துக்கிட்டே அவ இந்த வீட்டுல விளக்கேத்திட்டா, நீயும் குடிவந்துருவ. பெரியப்பாவும் சேவலைத் தின்னுட்டுப் போயிருவாரு. அப்புறம் அவ எதுக்கு மச்சான் வரணும்?" என்றாள்.

இத்தனை பாடுபட்டு யோசித்தவன் இதை யோசிக்கவில்லை. அவளை இழுத்து வர நான் போட்ட பாதை, அவள் வராமலே இருக்கவும் வழி செய்யும் என்று என் மண்டைக்கு எட்டவில்லை.

ஆனால் தொடங்கிவிட்டேன். பெரியப்பாவுக்குச் சொல்லியாயிற்று, சனிக்கிழமை என்று நாளும் குறித்தாயிற்று. அகேயோ போன பிறகு லேப்டாப் முன்னால் உட்கார்ந்து யோசித்தேன். மைக் செட்டில் ஒரு பாடம் உண்டு. வயரைப் பெட்டிக்கு ஒட்டி வைத்தால் இரைச்சல் வரும், தள்ளி வைத்தால் போய்விடும். குச்சியை லேப்டாப்பின் விலாவிலிருந்து பிடுங்கி, பழைய பிரின்டர் ஒன்றின் நீட்டிப்பு வயரில் செருகி, வயரை இழுத்துச் சமையலறைப் பக்கம் ஜன்னல் விளிம்பில் வைத்தேன். தட்டினேன். பல்பு கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. "போதும்டா சின்னப் பயலே, நீ போதும்" என்று அந்தக் குச்சியிடம் சொன்னேன்.

சனிக்கிழமை சாயங்காலம் ஏரிப் பக்கம் வானம் கறுத்து நின்றது. பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பி வைத்துக்கொண்டு வந்தார். புது வீடு புகும் வழக்கப்படி என் கையில் கோடாலி. சேவலைத் தூக்கி வர எனக்கு மகன் இல்லாததால் பெரியப்பாவே தூக்கினார், அதை மூன்று முறை சொல்லியும் காட்டினார். அகேயோ மீனும் உகாலி என்கிற மக்காச்சோளக் களியும் செய்து கொண்டு வந்திருந்தாள். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். சுவர் ஸ்விட்சுகளைப் போட்டுவிட்டுப் பல்புகளைப் போனில் அணைத்து வைத்திருந்தேன், ஜன்னல் வழியாகப் பார்த்தால் வீடு முழுக்க இருட்டு. உள்ளே லேப்டாப்பும், பவர் பேங்கில் செருகிய சிம் ரூட்டரும், ஜன்னல் விளிம்பில் அந்தக் குச்சியும் மட்டும் காத்திருந்தன.

ஏழு மணிக்கு அவினோ வீடியோவில் வந்தாள். வேலைச் சீருடையைக் கழற்றிவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற பச்சைத் துணியைத் தலையில் கட்டியிருந்தாள். நான் இதை எதிர்பார்க்கவில்லை.

"என்ன பாக்குற? விளக்கேத்துறவ வெறுந்தலையோடவா ஏத்துவா?" என்றாள்.

"அழகா இருக்க."

"டேய், பொண்டாட்டியை அப்புறம் கொஞ்சலாம், சேவல் கையைக் கொத்துது!" என்று பெரியப்பா பின்னாலிருந்து கத்தினார்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னோர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் தாத்தாவின் பெயரில் இருக்கும்போது இடி இறங்கியது. தெரு முழுக்க விளக்கு போய்விட்டது. மேட்டிலிருந்து ஏரிக்கரை வரைக்கும் ஒரே கறுப்பு.

"போச்சு" என்றாள் அகேயோ.

"இருங்க, வந்துரும்" என்றேன். லேப்டாப்பில் பேட்டரி இருந்தது, ரூட்டருக்குப் பவர் பேங்க் இருந்தது. அவினோவின் முகம் என் கையில் அப்படியே இருந்தது. என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. கிசுமுவில் பிறந்தவளுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

"மழை வாசம் வருதா?" என்று மட்டும் கேட்டாள்.

"வருது."

"எனக்குச் சொல்லு. எப்படி இருக்கு?"

நான் வாயைத் திறந்தேன். எனக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை. மண் நனையுற மாதிரி இருக்கு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மின்சாரம் வந்தது. கூடம், வாசல், சமையலறை மூன்றும் ஒரே நொடியில் பளீரென்று எரிந்தன. வீடு முழுக்க வெளிச்சம். அகேயோ நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். பெரியப்பா சேவலை உயர்த்திப் பிடித்து, "எரிஞ்சிருச்சு! என் மருமக ஏத்திட்டா!" என்று ஆடத் தொடங்கினார். அக்கம்பக்கத்திலிருந்தும் குலவை கேட்டது. பாதி எங்களுக்கு, பாதி மின்சாரத்துக்கு.

போனில் அவினோ கண்ணைத் திறந்தாள். "நான் இன்னும் தொடவே இல்லையே" என்றாள்.

அப்போதுதான் எல்லாம் புரிந்தது. இந்தப் பல்புகளுக்கு ஒரு குணம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பினால், தாமாகவே எரிந்துவிடும். வேண்டாம் என்றால் முன்கூட்டியே அதைச் சொல்லி வைக்க வேண்டும். போகும்போதெல்லாம் சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டே போனவன் அதை எங்கே பார்ப்பேன்? நாள் தவறாமல் மின்சாரம் போகிற ஊரில் இருந்துகொண்டு, மின்சாரம் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காத ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

"நீதான்க்கா ஏத்துன! கை பட்டிருக்கும், உனக்கே தெரியாது!" என்று அகேயோ என் தோளுக்கு மேலாகக் கத்தினாள். என் முதுகில் ஒரு குத்தும் விட்டாள், ஆமாம் என்று சொல் என்பதற்காக.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அவள் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாள், அவள் வீடு வெளிச்சமாக இருக்கிறது. சேவலை அடித்து, உகாலியைத் தின்று, நான் இன்று இரவே உள்ளே பாயை விரித்திருக்கலாம். ஆனால் அந்தத் தலைத்துணியைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை.

"நீ ஏத்தல அவினோ. கரண்டு வந்து தானா எரிஞ்சிருச்சு. என் தப்பு. லேப்டாப்புல ஒரு செட்டிங்கை மாத்த மறந்துட்டேன்."

போனில் அவள் கட்டை விரல் அசைவது தெரிந்தது. வாசல் விளக்கு அணைந்தது. ஆடிக்கொண்டிருந்த பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றுவிட்டார். கூடம் அணைந்தது. கடைசியாகச் சமையலறை. செவிடாக இருந்த அந்தப் பல்பு ஒரு நொடிகூடத் தயங்காமல் அவள் பேச்சைக் கேட்டது. அவள் கை முதன்முதலாக எங்கள் வீட்டில் பட்டது, விளக்கை அணைக்க.

"எதுக்கு அணைச்ச?" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"கரண்டு ஏத்துன விளக்கு எனக்கு வேணாம்."

"சரி. இப்ப நீயே ஏத்து. பெரியப்பா நிக்கிறாரு."

"மாட்டேன்."

பெரியப்பா போனை எட்டிப் பார்த்து, "எரிஞ்சது எரிஞ்சதுதான் மருமகளே, முன்னோருங்க இதையெல்லாம் கணக்குப் பாக்க மாட்டாங்க" என்று சேவலுக்காக வாதாடினார். அவள் அவருக்கு மரியாதையாகச் சிரித்தாள். ஆனால் விளக்கு எரியவில்லை.

தூறல் விழ ஆரம்பித்தது. அகேயோ பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கூரை ஓரத்துக்குப் போனாள். நான் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். இனி கேட்காமல் இருக்க முடியாது. நேராகக் கேட்கவும் வாய் வரவில்லை.

"அந்தக் குச்சியை வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்தித் தர்றேன்னு உன் தங்கச்சி சொல்லியிருக்கா" என்றேன். "மாத்திட்டுப் பெரிசை வாங்கிரவா?"

நான் எதைக் கேட்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். சலவை இயந்திரம் ஒன்று உருண்டு முடிந்து நின்ற சத்தம்கூடக் கேட்டது. அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்தாள். அவசரமே இல்லாமல் நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்" என்றாள். "சின்னதே போதும்."

"அவினோ."

"டிசம்பர் வரைக்கும்தானே? சின்னதே போதும், டோர்கஸ் அப்பா. அடுப்புக்கு விறகு வாங்கிக் காய வை. ஈர விறகை வச்சு என்னைப் புகையில அழ விடாத."

அழுதது நான்தான். மழை இருந்ததால் பெரியப்பாவுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

அவள் போனை வைத்த பிறகு உள்ளே போய், இருட்டிலேயே லேப்டாப் முன் குந்தி உட்கார்ந்து, மறந்துபோன அந்த செட்டிங்கை மாற்றினேன். இனி எத்தனை முறை மின்சாரம் போய் வந்தாலும் பல்புகள் எரியாது. அவள் சொன்னால்தான் எரியும். குச்சியை ஜன்னல் விளிம்பிலேயே விட்டுவிட்டுக் கதவைப் பூட்டினேன்.

பெரியப்பா சேவலைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். சேவல் உயிரோடு திரும்பிப் போகிற கோபம் அவருக்கு.

"மெயின் ஸ்விட்சை அணைச்சியா?"

"இல்ல பெரியப்பா. இருக்கட்டும்."

"ஆளில்லாத வீட்டுக்கு எதுக்குடா கரண்டு?"

"ஆள் வருது பெரியப்பா" என்றேன்.